காட்டில் உறைந்து கலை செய்தோர்

சிற்பம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை கருங்கல்லும் பளிங்கும் ஐம்பொன்னும். உருவின் நேர்த்தியை வியக்கிறோம். செய்வித்தவர் பெயரையும் செய்த காலத்தையும் ஆராய்கிறோம். ஆனால் அக்கல் எந்த மலையைப் பிளந்து எடுக்கப்பட்டது, அம்மலையைப் பற்றி வாழ்ந்த புல்லும் பூண்டும் சிற்றுயிர்களும் என்னவாயின என்று வினவும் வழக்கம் நம்மிடம் பெரிதும் இல்லை. கலை வரலாற்று நூல்களும் அவ்வினாவை எழுப்புவது அரிது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாட்டுக் கலைஞர் சிலர் இவ்வினாவைத் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்டனர். பொருளைக் கலைக்கூடத்திற்கு இழுத்துவரும் பழக்கத்தை விட்டு, பொருள் இருக்கும் இடத்திற்குத் தாமே சென்று தங்கினர். காற்றில் வீழ்ந்த மரம், சிதைந்த சுவரின் கல், உதிர்ந்த இலை, பூவின் தாது ஆகியவை அவர்களுக்குக் கருவியும் பொருளும் ஆயின. இவ்வாறு ஓரிடத்தில் சில திங்கள் உறைந்து அவ்விடத்துப் பொருளைக்கொண்டே படைக்கும் ஏற்பாட்டினைக் கலைஞர் உறைவிடத் திட்டம் என்பர். அதனைக் குறித்துச் சற்று விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கொல்லாமையை முதன்மை அறமாகக் கொண்ட நமக்கு இப்பொருள் வெறும் கலைச் செய்தியாக அமையாது என்பதை வாசகர்கள் போகப்போக உணர்வர்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகள் நிறைந்த கம்பிரியா என்னும் பகுதி உள்ளது. அங்கே கோனிஸ்டன், விண்டர்மியர் ஆகிய இரு ஏரிகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் பரந்து கிடப்பது கிரைஸ்டேல் காடு. காடு என்றவுடன் மனிதர் கைபடாத வனம் என்று கருதிவிடலாகாது. முதல் உலகப் போரில் மரத்தட்டுப்பாட்டினால் அல்லலுற்ற பிரித்தானிய அரசு 1919ஆம் ஆண்டில் வனத்துறை ஆணையம் ஒன்றை நிறுவி, நாடெங்கும் விரைந்து வளரும் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நடுவித்தது. லார்ச் மரம் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்தும், சிட்கா ஸ்புரூஸ் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை. கிரைஸ்டேலின் பெரும்பகுதி இவ்வாறு நட்டு வளர்த்ததே. பழைய ஓக் மரச் சோலைகள் இடையிடையே எஞ்சி நின்றன. இரண்டாம் உலகப் போரின்போது இக்காட்டின் நடுவிலிருந்த மாளிகையில் சிறைப்பட்ட ஜெர்மானியப் படை அதிகாரிகளை அடைத்து வைத்திருந்தனர் என்பது ஒரு கிளைச் செய்தி. அம்மாளிகை 1957இல் இடிக்கப்பட்டது.

இக்காட்டின் தலைமை வன அலுவலராக இருந்த பில் கிராண்ட் என்பார் கலையார்வம் மிக்கவர். காட்டின் நடுவே ஓர் அரங்கம் அமைத்து இசையும் நாடகமும் நிகழ்த்தச் செய்தவர் அவரே. அம்முயற்சியின் தொடர்ச்சியாக, அவ்வட்டாரக் கலை மன்றமாகிய நார்தர்ன் ஆர்ட்ஸ் துணையுடன் 1977இல் சிற்பிகளுக்கான உறைவிடத் திட்டம் தொடங்கியது. திட்டத்தின் அமைப்பு எளியது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிற்பி காட்டிலேயே சில வாரங்களோ சில திங்களோ தங்குவார். உணவுக்கும் உறையுளுக்கும் பொருளுதவி உண்டு. செய்பொருளைக் காடே தரும். நெருக்கம் குறைப்பதற்காக இடையிடையே வெட்டிக் கழிக்கும் இளமரங்கள், புயலில் சாய்ந்தவை, கைவிடப்பட்ட கற்சுரங்கத்தின் பலகைக்கல், பழைய வேலிச்சுவர்களின் கல் ஆகியவற்றை அவர் எடுத்துக்கொள்ளலாம். பளு தூக்க வனத் தொழிலாளர் கைகொடுப்பர். செய்து முடித்த சிற்பம் எடுத்த இடத்திலேயே நிற்கும். கண்ணாடிக் கூடும் இல்லை, காவலரும் இல்லை. நடைபாதையில் வருவோர் தாமே தேடிக் காணவேண்டும்.

முதலில் வந்தவர்களுள் ரிச்சர்டு ஹாரிஸ் ஒருவர். பழைய கற்சுரங்கம் ஒன்றைத் தம் களமாகக் கொண்டு, அங்கே கிடந்த கல்லையும் காட்டு மரத்தையும் இணைத்து அமைத்தார். 1978இல் வந்த டேவிட் நாஷ் ‘மர நீர்வழி’ என்பதொன்றைச் செய்தார். சாய்ந்து கிடந்த மரத்தின் அடிமரத்திலும் கிளைகளிலும் வாய்க்கால் போல் குடைந்து, ஊற்று நீர் அவற்றின்மேல் ஓடி ஓடையை அடையுமாறு செய்த எளிய அமைப்பு அது. நீர் தன் போக்கில் போகிறது; மரம் அதற்கு வழிவிடுகிறது. இதனைச் சிற்பம் என்பதா, நம் ஊர்க் கமலை இறைப்பில் நீர் சொரியும் தோணிவாய் போன்ற ஒரு வேளாண் கருவி என்பதா என்று கேட்போர் கேட்கலாம். இரண்டும் ஒன்றாக இருப்பதில்தான் அதன் அழகு என்பது நம் கருத்து.

1984இல் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி அங்கு வந்தார். 1956இல் பிறந்த இவர் இளமையில் யார்க்‌ஷயர் பண்ணைகளில் கூலிக்கு உழைத்தவர். வைக்கோல் அடுக்குதல், கல் பொறுக்குதல், வேலி கட்டுதல் ஆகிய வேலைகளின் ஒழுங்கே பின்னர்த் தம் கலையின் ஒழுங்காயிற்று என்பது அவர் படைப்புகளைக் காண்போர்க்கு எளிதில் விளங்கும். இலைகளை முள்ளால் தைத்து நீரில் மிதக்கவிடுவார். பனிக்கட்டித் துண்டுகளை ஈரத்தால் ஒட்டவைத்து, கதிரவன் எழுமுன் ஓர் உருவைச் சமைப்பார். கதிர் எழுந்ததும் அது ஒளிரும். பிறகு உருகி ஒழியும். எஞ்சுவது ஒரு நிழற்படமே. கிரைஸ்டேலில் மட்டும் சற்றே நீடிக்கும் பணிகளை மேற்கொண்டார். பைன் மரத் தண்டுகளைக் கூம்பாகச் சேர்த்து நிறுத்திய ‘ஏழு கோபுரங்கள்’, இயல்பாகவே வளைந்து வளர்ந்தமையால் மர வணிகத்திற்கு ஆகாத தண்டுகளைத் தொடுத்துப் பாம்பு ஊர்வதுபோல் காட்டினூடே ஓட்டிய ‘பக்கமூர்பாம்பு’ ஆகியவை அவை. நேராக வளர்ந்தவையே விலைபெறும் காட்டில், கோணியவற்றையே அவர் தேடிப் பொறுக்கினார் என்பது கருதத்தக்கது.

1990இல் மீண்டும் வந்து அவர் அமைத்த சுவரொன்று இன்னும் சிறப்புடையது. சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருந்த அடுக்கி எழுப்பும் வேலிச்சுவர் அந்நாட்டு மலைப்புறங்களின் பழைய வழக்கம். இன்னாருடைய நிலம் இதுவரை என்று வரம்பு கட்டுவதற்காக எழுந்தவை அவை. நேர்கோட்டில் மேடும் பள்ளமும் பாராமல் செல்பவை. வழியில் நின்ற மரம் வெட்டப்படும். கோல்ட்ஸ்வொர்த்தி எழுப்பிய சுவரோ மரத்தைக் கண்டதும் வளைந்து ஒதுங்குகிறது. அடுத்த மரத்தைக் கண்டு மறுபுறம் ஒதுங்குகிறது. இவ்வாறே நெளிந்து நெளிந்து செல்கிறது. ‘சுவரை உலாவ அழைத்துச் செல்லுதல்’ என்று அதற்குப் பெயர். இதே கருத்தைப் பின்னர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் கலைப் பூங்காவில் 1997, 1998ஆம் ஆண்டுகளில் 2,278 அடி நீளத்திற்கு விரித்தார். அங்கே சுவர் குளத்தில் இறங்கி, மறுகரையில் ஏறி, அப்பால் செல்கிறது. அளவில் அது பெரிதாயினும் கிரைஸ்டேல் சுவரே நம் மனத்திற்கு நெருக்கமாக உள்ளது. உடைமையின் அடையாளமாகிய சுவரொன்று, ஓரறிவுயிராகிய மரத்திற்கு வழிவிட்டு நடப்பதை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

இத்திட்டத்தில் பலரும் இடர்ப்பட்ட ஓரிடம் உண்டு. மரத்தால் செய்தவை மழையிலும் பனியிலும் நைந்தன. பாசி படர்ந்தது, காளான் முளைத்தது, வண்டு துளைத்தது. இவற்றைப் பழுதுபார்த்துக் காப்பதா, போகவிடுவதா? பொதுப் பணத்தில் செய்வித்த பொருள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மண்ணாகிப் போவதைக் கணக்கெழுதுவோர் ஏற்பதில்லை. நடைபாதையின் அருகே உளுத்த மரம் நின்றால் வருவோர்மேல் சாயும் என்ற அச்சமும் நியாயமானதே. மறுபுறம், உளுத்துப் போதலும் தன் பணியின் ஒரு பகுதியே என்று கலைஞர் கருதுகிறார். நடைமுறையில் இரண்டும் நிகழ்ந்தன. கற்சுவர் போன்றவை செப்பனிடப்பட்டன. ‘பக்கமூர்பாம்பு’ போன்ற மரப்பணிகள் மெல்ல மெல்லக் காட்டுத் தரையோடு கலந்தன. உளுத்த மரத்தின் நன்மையை உயிரியலார் நன்கறிவர். காட்டில் வாழும் வண்டினங்களிலும் காளான்களிலும் பெரும்பகுதி இறந்த மரத்தை அண்டியே வாழ்பவை. தூய்மை கருதிப் பட்ட மரங்களையெல்லாம் அகற்றிவிடும் காட்டில் அவற்றிற்குப் புகலிடம் இல்லை. ஆக, சிற்பம் அழிந்தது என்று நாம் எழுதும் ஆண்டில்தான் அது பல்லாயிரம் உயிர்களுக்கு இல்லமாகத் தொடங்குகிறது.

1999க்குப் பின் அத்திட்டத்தின் போக்கு மாறியது. காட்டில் சிற்பம் நிறுத்துவதைவிட, அவ்வட்டாரத்து மக்களுடனும் வேளாண்மையுடனும் கலந்து பணியாற்றுவதே பயன் தரும் என்று புதிய பொறுப்பாளர்கள் கருதினர். கிரைஸ்டேல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் இயங்கிய அமைப்பு, கோனிஸ்டன் ஏரிக்கு மேலே முன்னர் ஜான் ரஸ்கினுக்கு உரிமையாயிருந்த லாசன் பார்க் பண்ணையைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டது. கலைஞர்கள் அங்கே தோட்டவேலையும் செய்தனர். காட்டுச் சிற்பங்களின் பொறுப்பு வனத்துறையினரிடமே நின்றது.

இனி, நமக்கே உரிய வினாவுக்கு வருவோம். இயற்கைப் பொருளைக் கொண்டு செய்வதாலேயே ஒரு செயல் தீங்கற்றதாகிவிடுமா? ஆகாது என்பதே நம் விடை. நாஷ் பயன்படுத்திய இயந்திர ரம்பம் எண்ணெய் குடிப்பதே. கோல்ட்ஸ்வொர்த்தியின் படங்கள் உலகெங்கும் பரவியபின், ஆற்றங்கரையில் கல்லின்மேல் கல் அடுக்கி நிறுத்துவது பொழுதுபோக்காகப் பெருகிவிட்டது. பார்ப்பதற்கு இதைவிடக் குற்றமற்ற விளையாட்டு இல்லை என்று தோன்றும். ஆனால் ஓடைக் கல்லின் அடிப்புறம் வெறுமையாக இருப்பதில்லை. நீர்ப்பூச்சிகளின் புழுக்கள் மணலும் சிறுகல்லும் சேர்த்துக் கூடுகட்டி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். மீன்களும் தவளையினங்களும் அங்கே முட்டையிடும். கல்லைப் புரட்டி வெயிலில் வைத்தால் அவை சாகும். கரைக் கல்லை அகற்றினால் அடுத்த மழையில் மண் கரையும். இதனால் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் சில, வருவோர் கல்லடுக்க வேண்டா என்று கேட்டுக்கொண்டுள்ளன. பொருளை எடுக்குமுன் அதன் அடியில் யார் இருக்கிறார் என்று பார்க்கவேண்டும் என்னும் இச்செய்தி, மயிற்பீலியால் இடத்தை மெல்ல ஒற்றியபின் அமரும் துறவியரைக் கண்டு வளர்ந்த நமக்குப் புதிதன்று. புதிது என்னவெனில், இதனையே உயிரியலார் தம் துறையின் வழியாக வந்தடைந்திருப்பது.

இவ்விடத்தில் மற்றொரு கலைஞரைக் குறிப்பிடுவது பொருந்தும். அவருடைய வாழ்வு தமிழகத்தோடு நேரே தொடர்புடையது. வுல்ஃப்காங் லைப் என்னும் அவர் 1950இல் ஜெர்மனியில் பிறந்தவர். டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். அவர் குடும்பத்தினர் தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றிற்குப் பல்லாண்டுகள் உதவி வந்தனர். அவர் தம் மருத்துவப் பட்டத்திற்கென எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளே தென்னிந்தியச் சிற்றூர்களின் குடிநீர் தூய்மை பற்றியது. 1974இல் படிப்பை முடித்தவர் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளவில்லை. உடலைப் பொருளாக மட்டும் நோக்கும் மருத்துவம் தமக்குப் போதவில்லை என்று கலைக்கு வந்தார். கீழைச் சமயங்களில், சமணம் உட்பட, அவர் ஈடுபாடு பரவலாக அறியப்பட்டதே. ஜெர்மனியின் தென்பகுதியில் வாழும் அவர் மதுரைக்கு அருகிலும் ஒரு பணியிடம் அமைத்துக்கொண்டார். சமணர் படுகைகள் சூழ்ந்த மதுரையாக அது அமைந்தது தற்செயலோ அன்றோ, நாம் அறியோம்.

1975இல் அவர் செய்த ‘பாற்கல்’ என்பது, வெண்பளிங்குப் பலகையின் மேற்பரப்பைக் கண்ணுக்குப் புலனாகாத அளவு கையாலேயே தேய்த்துக் குழிவாக்கி, அதில் விளிம்புவரை பால் நிரப்பியது. கல் எங்கே முடிகிறது, பால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நாள்தோறும் மாலையில் பாலை அகற்றிக் கல்லைத் துடைத்து, மறுநாள் புதிதாக நிரப்பவேண்டும். முதல் நாள் அவர் ஊற்றுவார். பிறகு அக்கல்லைக் காப்பவரின் பணி அது. திருமுழுக்கினை நாள்தோறும் காணும் நம் மக்களுக்கு இதன் உட்பொருளை விளக்க வேண்டுவதில்லை. அகற்றிய பால் யார் பசிக்கும் ஆகாமல் போகிறதே என்ற வருத்தத்தையும் ஒளிக்க வேண்டுவதில்லை.

1977 முதல் அவர் மகரந்தம் திரட்டலானார். கடுங்குளிர் விடைபெறும் பிப்ரவரித் திங்களில் ஹேசல் புதர்களில் தொங்கும் பூங்கதிர்களை விரலால் மெல்லத் தட்டி, உதிரும் தூளைக் கண்ணாடிப் புட்டியில் ஏந்துவார். பிறகு டாண்டிலியன் பூ. கோடை தொடங்கும்போது பைன். உதவிக்கு ஆளின்றித் தாமே வயல்வெளியில் திரிந்து சேர்ப்பார். ஒரு பருவம் முழுவதும் உழைத்தால் சில புட்டிகளே நிறையும். அத்தூளைச் சல்லடைத் துணி வழியே தரையில் சலித்து ஒரு மஞ்சள் சதுரமாகப் பரப்புவார். 2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பரப்பியது 18 அடிக்கு 21 அடி. பல்லாண்டுகள் சேர்த்த ஹேசல் மகரந்தம் அது. காட்சி முடிந்ததும் தூளைக் கூட்டிச் சேர்த்துத் தூய்மை செய்து மீண்டும் புட்டியில் இட்டுவைப்பார்.

ஹேசல், பைன் ஆகியவை காற்றினால் சூல்கொள்பவை. கோடிக்கணக்கான தாதுக்களைக் காற்றில் தூவி, அவற்றுள் மிகச் சிலவே உரிய இடம் சேர்வது அவற்றின் இயல்பு. ஒருவர் புட்டியில் ஏந்துவதால் அம்மரத்திற்கு இழப்பு என்று சொல்வதற்கில்லை. டாண்டிலியன் அவ்வாறன்று, அதன் தாது தேனீக்களுக்கு உணவு. லைப் தேன்மெழுகினையும் பேரளவில் கையாண்டவர். தெற்குப் பிரான்சின் பிரனீஸ் மலையில் பாறையைக் குடைந்த அறையொன்றின் சுவரெல்லாம் 2000ஆம் ஆண்டில் மெழுகு பூசினார். வாஷிங்டன் நகரின் ஃபிலிப்ஸ் காட்சிக்கூடத்தில் 2013இல் அமைத்த சிற்றறைக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் மெழுகு சென்றது. ஓர் இருண்ட அறை, ஒற்றை விளக்கு, மெழுகின் மணம் ஆகியவை உள்ளே நிற்பவரை அமைதியில் ஆழ்த்துவதாகக் கண்டோர் எழுதியுள்ளனர். அதனை மறுக்கவில்லை. ஆயினும் தேனையே விலக்கிய நம் மரபினர், ஈயின் உடம்பிலிருந்து சுரந்து அதன் இல்லமாய் அமைந்த மெழுகினை 200 கிலோகிராம் அளவில் சுவரில் பூசுவதை எவ்வாறு கொள்வர்? இயற்கையின்பால் அன்புடைய கலைஞர் ஒருவர் நம்முடன் பெருந்தொலைவு வந்து, இங்கே வேறு வழி பிரிகிறார் என்று கொள்வதே நேர்மை. அவர் கலையின் மதிப்பை இது குறைப்பதில்லை. நம் வினாவையும் அவர் கலையின் மதிப்புக் குறைத்துவிடாது.

டேவிட் நாஷிடம் மீண்டும் வருவோம். அவர் 1960களின் பிற்பகுதியில் வேல்ஸ் நாட்டின் வடபுறத்தில் பலகைக்கல் சுரங்க ஊராகிய ப்ளைனாவ் ஃபெஸ்டினியோக் சென்று, பழைய தொழுகைக் கூடம் ஒன்றை வாங்கி அதையே பணியிடமாக்கிக் கொண்டவர். நோயுற்றோ புயலில் சாய்ந்தோ வேறு காரணத்தால் வெட்டப்பட்டோ கிடைக்கும் மரத்திலேயே பணிசெய்வது அவர் வழக்கம். 1978இல் அவ்வாறு கிடைத்த ஓக் மரத்திலிருந்து அரை டன் எடையுள்ள உருண்டை ஒன்றைச் செதுக்கினார். கரடான மலைச்சரிவில் அதனை இறக்க ஓடை நீரின் துணையை நாடினார். அது அருவிக்கடியில் சிக்கிக்கொண்டது. பணியிடத்திற்குச் சேர்க்கவேண்டிய பொருளை அவ்விடத்திலேயே விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்தார். வெள்ளம் வந்தபோதெல்லாம் அது சிறிது தூரம் உருண்டது. உறைபனியில் வெண்மையாயிற்று; கோடையில் கறுத்தது. இருபத்து நான்கு ஆண்டுகள் ஓடையில் கழித்தபின், 2002இன் வெள்ளத்தில் டுவைரிட் ஆற்றின் கழிமுகத்தை அடைந்தது. ஓதம் ஏறும்போது மிதப்பதும் இறங்கும்போது சேற்றில் தங்குவதுமாக இருந்து, 2003இல் காணாமற் போயிற்று. 2013இல் ஒருமுறை தென்பட்டது. பின்னர் மீண்டும் மறைந்தது. இவ்வளவு காலமும் அவர் அதனைப் படமெடுத்தும் வரைந்தும் பின்தொடர்ந்தாரேயன்றி, ஒருமுறையும் கரையேற்றித் தம்மிடத்தில் நிறுத்தவில்லை.

ஓராண்டு முன்னதாக, 1977இல், அவர் மற்றொன்றைத் தொடங்கியிருந்தார். இருபெரும் வல்லரசுகள் அணுகுண்டுகளுடன் எதிரெதிர் நின்ற காலம் அது. அடுத்த நூற்றாண்டு வருமா என்றே பலர் ஐயுற்றனர். அந்நிலையில், அடுத்த நூற்றாண்டில்தான் வடிவம் பெறக்கூடிய ஒன்றைச் செய்யவேண்டும் என்று, 30 அடி விட்டமுள்ள வட்டத்தில் 22 ஆஷ் மரக்கன்றுகளை நட்டார். முதலில் நட்டவற்றை ஆடுகள் மேய்ந்துவிட்டன. வேலியிட்டு மீண்டும் நட்டார். வேலியோரச் செடிகளின் தண்டில் பாதியளவு வெட்டுவாய் இட்டு உயிர் போகாமல் வளைக்கும் பழைய வேளாண் முறையைக் கைக்கொண்டு, மரங்களைச் சுழல்போல் சாய்த்து, மேலே கவிந்து குவிமாடமாக வளரச் செய்தார். முப்பது ஆண்டுகளில் அது வடிவெய்தியது. இருக்குமிடத்தை அவர் பரப்பவில்லை. கூட்டம் மிதித்தால் வேர் கெடும் அன்றோ?

பிறகு ஆஷ் மரங்களுக்குக் கேடு வந்தது. கிழக்காசியாவிலிருந்து வந்த பூஞ்சை ஒன்று, காற்றில் பரவும் தன் நுண்வித்துக்களாலும் நாடுவிட்டு நாடு செல்லும் கன்று வணிகத்தாலும் ஐரோப்பா முழுதும் ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. பிரித்தானியாவில் அது 2012இல் உறுதி செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் நாஷின் வளையமும் அந்நோய்க்கு ஆட்பட்டது. நாற்பதாண்டு உழைப்பு கண்ணெதிரே உலர்வதைக் காண்பது எளிதன்று. அவர் மருந்து தேடவில்லை. நோயுற்ற மரங்களை வெட்டி வீழ்த்தவும் இல்லை. 2019இல் எழுபது வயதைக் கடந்திருந்த அவர், பழைய வளையத்தின் வெளிப்புறத்தே 22 ஓக் கன்றுகளை மற்றொரு வளையமாக நட்டார்.